இன்னும் வரேல்லை, அம்மான்

பிள்ளைப்பேற்றைப் பற்றி, பெற்றவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் நிறையத் தெரியும். என் மாமியாருக்குத் தெரியும், மாமியாரின் அண்ணனுக்குத் தெரியும், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சனத்துக்குத் தெரியும், இவருக்குக்கூடக் கொஞ்சம் தெரியும். (இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இந்த வயதில் பழகுகிற உத்தேசமும் இல்லை.) எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. நான் பெற்றேன், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வசனம் இருக்கிறது. பஸ் பிந்தினால், தபால்காரர் பிந்தினால், கல்யாண வீட்டில் பந்திக்கு வடை பிந்தினால், யாராவது ஒருவர் முகத்தைப் பாவம்போல வைத்துக்கொண்டு, "இன்னும் வரேல்லை, அம்மான்" என்பார். உடனே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். புதிதாக வந்த மருமகனோ மருமகளோ விளங்காமல் முழித்தால், முழுக் கதையையும் முதலிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். அதில் ஓர் உலக்கை வரும், ஓட்டுக் கூரை வரும், சாவகச்சேரி அம்மான் வருவார், இவர் வருவார். பிள்ளை பெற்றவள் என்று ஒருத்தி எங்கேயோ ஓரமாக இருப்பாள். அவள் நான். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் "அவவுக்குப் பகிடி விளங்காது" என்பார்கள். எனக்குப் பகிடி நன்றாக விளங்கும். அது நடந்தபோது அதற்கு நேர் கீழே இருந்தவள் நான்.

ஆகவே ஒருமுறையாவது என் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. கோப்பாயில் எங்கள் ஐயா எனக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டில் இருந்தோம். அந்த ஒழுங்கையில் முதல் ஓட்டு வீடு எங்களுடையது. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். ஐயா வீட்டுக்குப் பால் காய்ச்சிய அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். ஆகவே என் பிள்ளைப்பேற்றைப் பார்க்கும் உரிமை, கேட்பார் இல்லாமல், சாவகச்சேரியில் இருந்த மாமிக்குப் போனது.

முதல் பிள்ளையை ஆஸ்பத்திரியில் பெற்றேன். ஆண் பிள்ளை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. அவன் அழவே இல்லை. அழுததும் கத்தியதும் நான்தான். வார்டு முழுக்கக் கேட்டதாம், வெளியில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டதாம். கொடி சுற்றியதைப் பற்றி டொக்டர் மாமிக்கு ஆறுதலாக எடுத்துச் சொன்னார். மாமியும் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு இவரிடம் வந்து வேறு கதை சொன்னார்.

"உவள் கத்திக் கத்தி மூச்செல்லாத்தையும் வெளியாலை விட்டிட்டாள். பிறகு பிள்ளைக்கு மூச்சு எங்காலை?"

எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரோ, கேட்காது என்று நினைத்துச் சொன்னாரோ தெரியாது. எனக்குக் கேட்டது. கோபம் வரவேண்டிய இடம் அது. எனக்கோ நம்பிக்கை வந்தது. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியவள், சுகாதார பாடத்தில் சுவாசப்பையைப் படமாகக் கீறி நிறமும் தீட்டியவள், அதை அப்படியே நம்பினேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அது கடவுள் என்றால் ஒன்றும் செய்ய ஏலாது, தன் வாய்தான் என்றால் அடுத்த முறை மூடிக்கொள்ளலாம்.

அடுத்த வருஷமே மறுபடி வயிற்றில் தங்கியது. அன்றைக்கே நான் விரதம் பிடித்தேன். (கந்தசஷ்டி ஆறு நாளில் முடிந்துவிடும். இது பிள்ளை பிறக்கும்வரை.) என் வாயிலிருந்து இந்த முறை ஒரு சத்தம் வெளியே வராது. மூச்சு முழுவதும் பிள்ளைக்கு. சும்மா நினைத்துக்கொண்டு இருந்துவிடவில்லை, ஒத்திகையும் பார்த்தேன். அம்மியில் விரல் நசுங்கியபோது குழவியைத் தூக்கி வைத்துவிட்டு மற்றக் கையால் அரைத்து முடித்தேன். கிணற்றடியில் வாளி காலில் விழுந்தபோது கப்பிக் கயிற்றைப் பார்த்துச் சிரித்தேன். மிளகாய்த் தூள் கையால் கண்ணைத் தேய்த்துவிட்டு 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. கடைசி மாதத்தில் துவாயை நாலாக மடித்து வாயில் வைத்துக் கடித்துப் பழகினேன். அந்தக் கோலத்தில் ஒருநாள் என்னைக் கண்ட இவர், பல்வலியாக்கும் என்று தான் வேலை பார்த்த சங்கக்கடையிலிருந்து கராம்பு கொண்டுவந்தார். கையில் கராம்பு சுற்றிய கடதாசிச் சரையோடு நின்ற மனிசனிடம் என்னத்தைச் சொல்ல. வாங்கிக் கறிக்குப் போட்டேன்.

மாசி பிறக்க மாமி வந்து சேர்ந்தார். படலையைத் திறந்துகொண்டு வரும்போதே என் வயிற்றைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கப் பிறகு நேரம் கிடைத்தது.

"வயிறு கூர்ந்து கிடக்கு. வலக்காலை முன்னுக்கு வைச்சு எழும்புறாள். பெடியன்தான். எதுக்கும் அண்ணைக்குச் சொல்லி விடுவம்."

அண்ணை என்றால் மாமியின் மூத்த தமையன். இவருக்கு அம்மான். இவருக்கு அம்மான் என்பதால் எனக்கும் அம்மான், பிறகு ஊருக்கே அம்மான். அவரைக் கூப்பிட்டது என்னைப் பார்க்க இல்லை, உலக்கை எறிய.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண் பிள்ளை பிறந்தால் வீட்டுக் கூரைக்கு மேலால் உலக்கையை எறிவார்கள். பிள்ளை உலக்கைபோல உறுதியாக வரும் என்று நம்பிக்கை. பெண் பிள்ளை என்றால் விளக்குமாறு. (பெண் எப்படி வரும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.) அந்தக் குடும்பத்து ஆண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உலக்கை எறிந்தவர் அம்மான்தான். இளமையில் மாட்டுவண்டிச் சவாரிக்காரர், தோள் ஒவ்வொன்றும் உரல்மாதிரி. இவர் பிறந்தபோதும் எறிந்தவர் அவர்தான். அந்த உலக்கையின் உறுதி இவரில் எந்த இடத்தில் போய்த் தங்கியது என்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மான் வெறுங்கையோடு வரவில்லை. எங்கள் வீட்டில் நல்ல உலக்கை இருந்தது. ஆனால் அது பெண் வீட்டு உலக்கை, சரிவராதாம். ஆகவே பரம்பரை உலக்கையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இரண்டு பக்கமும் இரும்புப் பூண் போட்ட கருங்காலி. கொண்டக்டர் அதுக்கும் ரிக்கற் எடு என்று நின்றானாம்.

"உலக்கைக்கு என்னடா ரிக்கற்? அது சீற்றிலையே இருக்குது? நிண்டுகொண்டெல்லோ வருது," என்று சொல்லி வந்ததாக அம்மான் முற்றத்தில் நின்று சொல்ல, மாமியும் இவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு இழுத்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அம்மான் அண்ணாந்து எங்கள் கூரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். அவர் அதுவரை எறிந்ததெல்லாம் கிடுகும் பனையோலையும் வேய்ந்த தணிந்த வீடுகளுக்கு மேலால். ஐயா எனக்குக் கட்டியது பெரிய வீடு, முகடு உயரம். அம்மான் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். காலால் தூரம் அளந்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டுக் காற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, கல்யாணம் பேசேக்கை கூரை இவ்வளவு உயரம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார் மாமியிடம்.

உலக்கை கூரையைத் தாண்டாவிட்டால் பிள்ளைக்குக் கூடாதாம். அதன் பிறகு வீட்டில் கவலை முழுவதும் கூரையைப் பற்றித்தான் இருந்தது. பிள்ளை தாண்டுமா, நான் தாண்டுவேனா என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நோ தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது. கூட்டி முடித்தேன். விளக்குமாற்றைக் குசினிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். (எங்கள் வீடுகளில் குசினி வீட்டோடு ஒட்டியிராது, பின்பக்கம் தனியே ஒரு கொட்டில்.) கை கால் கழுவி அறைக்குள் போய்ப் படுத்த பிறகுதான் மாமியைக் கூப்பிட்டேன். இவர் சைக்கிளில் போய் மருத்துவிச்சியைக் கூட்டி வந்தார். மருத்துவிச்சி நல்ல மனிசி, கொஞ்சம் பருத்த உடம்பு, வேர்த்துக்கொண்டு வந்தார். சோதித்துப் பார்த்தார்.

"நோ எப்பிடிக் கிடக்கு பிள்ளை?"

நான் கையால் காட்டினேன். வாயில் துவாய்.

"கையைக் காட்டினால் எனக்கு என்ன விளங்கும்? நொந்தால் கத்து. உன்ரை முகத்தைப் பாத்தால் கோயிலுக்கு வெளிக்கிட்டவள் மாதிரிக் கிடக்கு."

நான் தலையை ஆட்டினேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் கோயிலுக்கு வெளிக்கிட்ட முகத்தோடேயே கிடந்தேன்.

"இன்னும் நேரம் இருக்கும்போலை. நான் ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். கூடினால் ஒரு சத்தம் போடு," என்று சொல்லிக் குசினிக்குப் போனார்.

போட வேண்டிய அந்த ஒரு சத்தத்தைத்தான் நான் போடமாட்டேன் என்று பத்து மாதமாக விரதம் பிடித்திருந்தேன். என் மூளை அன்றைக்கு எப்படி வேலை செய்தது என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் படியிறங்கிக் குசினி வாசலுக்குப் போயிருக்கமாட்டார், நோ கூடியது. முதல் முறை வந்த நோவெல்லாம் இதற்கு முன்னால் கொசுக்கடி. நான் துவாயைக் கடித்தேன். தாடை இறுகியது. முற்றத்தில் அம்மானும் மாமியும் கதைப்பது யன்னலால் கேட்டது.

"என்ன தங்கச்சி, உள்ளை சத்தத்தைக் காணேல்லை."

"முதல் முறை ஊரைக் கூட்டினவள் அண்ணை. உவள் சும்மா கிடக்கிறாள் எண்டால் இன்னும் தொடங்கேல்லை. மருத்துவிச்சியும் தேத்தண்ணி குடிக்கிறா."

"அப்ப நேரம் கிடக்கு. ஒருக்கால் எறிஞ்சு பாப்பமே? சரியான நேரத்திலை பிழைச்சுப் போகக் கூடாது பார்."

நானும் ஒத்திகை பார்த்தவள், அம்மானும் ஒத்திகை பார்க்கிறவர். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் ஒத்திகையில் மற்றவர் தலை தப்பியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"தம்பி," என்று அம்மான் இவரைக் கூப்பிடுவது கேட்டது. "நீ பின்வளவிலை போய் நில். உலக்கை எவடத்திலை விழுகுதெண்டு பாத்துச் சொல்லு."

"என்ரை தலையிலை விழுந்தால்?"

"விழுகிறதுக்கு முதல் சொல்லு."

இவர் போனார். சொன்ன இடத்தில் போய் நிற்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை.

அந்த நேரத்தில் படுத்துக்கொண்டு சத்தம் போடாமல் இருக்க ஏலாது என்று நான் கண்டுபிடித்தேன். எழும்பினேன். கட்டிலால் இறங்கி நிலத்தில் குந்தினேன். கட்டில் காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, நெற்றியை அதில் அழுத்தி, வாயில் துவாயோடு இருந்தேன். பிள்ளை கீழே இறங்குவது எனக்குத் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் அழாமல் போய்விடுமோ என்ற ஒரே பயம். முருகா, மூச்சு, மூச்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேலே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அடுத்து அறைக்குள் திடீரென்று வெளிச்சம். பிறகு ஓடும் மண்ணும் தூசியும் கொட்டின. (சீலிங் அடிக்க ஐயாவின் ஆயுள் போதவில்லை.) தூசி கொஞ்சம் அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் ஒரு துண்டு வானம் நீலமாகத் தெரிந்தது. கட்டிலில், கொஞ்சம் முன்னர் என் தலை கிடந்த தலையணையில், பரம்பரை உலக்கை படுத்திருந்தது.

அப்போதும் நான் கத்தவில்லை. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அந்த வயதில் என்னிடம் அப்படி ஒரு விசர் இருந்தது.

பிறகு முன்முற்றத்திலிருந்து அம்மானின் குரல், கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்டது.

"என்ன தம்பி, விழுந்ததோ?"

பின்வளவிலிருந்து இவரின் குரல்.

"இன்னும் வரேல்லை, அம்மான்."

"வடிவாப் பார்."

"ஓட்டிலை தட்டின சத்தம் கேட்டது. உருண்டு வருகுதாக்கும். நிண்டு பாக்கிறன்."

இந்த இடத்தில்தான் குடும்பத்தில் எல்லோரும் சிரிப்பது. சிரிப்பு முடிய யாராவது, "எத்தினை ஓடு உடைஞ்சது?" என்று கேட்பார்கள். அந்த அறைக்குள் யார் இருந்தது என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் விளங்கியது மாமிக்குத்தான். "அண்ணை, அது பிள்ளைத்தாச்சியின்ரை அறையெல்லோ," என்றார். அம்மான் யன்னலடிக்கு ஓடிவந்தார். பிள்ளை பெறுகிற அறைக்குள் ஆம்பிளை எட்டிப் பார்க்கக் கூடாது. ஆகவே முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"பிள்ளை, உள்ளை ஆரும் இருக்கிறியளோ?"

எனக்கு அடுத்த நோ வந்துகொண்டிருந்தது. துவாயை எடுத்தால் வெளியே வருவது பதிலாக இராது என்று எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தேன். அம்மான் இன்னொரு முறை கேட்டார்.

அந்த அமைதியைத் தாங்க முடியாமல் மாமி ஒப்பாரியைத் தொடங்கினார். "என்ரை ராசாத்தி போயிட்டாளே, என்ரை குலவிளக்கு போயிட்டுதே" என்று நெஞ்சில் அடித்து அழுதார். நான் உயிரோடு இருந்த நாளில் ராசாத்தி என்று மாமி என்னை ஒருமுறையும் கூப்பிட்டதில்லை. அதைக் கேட்க நான் செத்துப்போக வேண்டியிருந்தது. சத்தம் கூடாது, மூச்சுப் போகும் என்று சொன்ன மனிசியின் தொண்டை நாலு வளவுக்குக் கேட்டது. வேலியில் ஆள் நுழையக் கிடந்த பொட்டுக்குள்ளால் சனம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஒருத்தி வரும்போதே தலையை அவிழ்த்து விட்டுக்கொண்டு வந்தாளாம். வேறு யாரோ, "எத்தினை மணிக்கு எடுக்கினமாம்?" என்று விசாரிப்பது எனக்கே யன்னலால் கேட்டது.

அறைக்குள் ஆம்பிளைகள் வரக்கூடாது, மாமிக்குக் கால் எழும்பவில்லை. நான் காத்திருந்தால் பிள்ளை காத்திராது. கூரையில் இன்னும் நாலைந்து ஓடு தொங்கிக்கொண்டிருந்தது. அம்மான் இன்னொரு ஒத்திகை பார்க்கமாட்டார் என்று என்ன நிச்சயம். நான் எட்டி அந்த உலக்கையை எடுத்தேன். அதை ஊன்றிக்கொண்டு எழும்பி, கதவைத் திறந்து, முற்றத்துக்கு வந்தேன். தலையிலிருந்து கால்வரை செங்கட்டித் தூள், வாயில் துவாய், கையில் உலக்கை. ஒப்பாரி பாதியில் நின்றது. சனம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. பிசாசுக்கும் அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. அம்மான் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உலக்கையைப் பார்த்தார்.

"பூண் கழரேல்லையே?" என்று கேட்டார்.

நான் அவரைக் கடந்து குசினிக்குப் போனேன். கிடுகுக் கூரை, விழுந்தாலும் தலைக்குச் சேதமில்லை. ஒப்பாரி கேட்டு, பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் எழும்பிய மருத்துவிச்சி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து நின்றார். என்னைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை, போட்டார். உரலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்தார். உலக்கையை என் கையிலிருந்து பிடுங்கி வெளியே எறிந்தார். (அன்றைக்கு ஒழுங்காக எறியப்பட்ட எறி அது ஒன்றுதான்.)

"கத்து பிள்ளை, கத்து. நான் இருக்கிறன்," என்றார்.

நான் கத்தவில்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்ற விளக்குமாற்றையே பார்த்துக்கொண்டு, துவாயைக் கடித்துக்கொண்டு, முக்கினேன். பிறகு ஒரு சத்தம் கேட்டது. நான்தான் கடைசியில் தோற்றுவிட்டேனோ என்று நினைத்தேன். என் வாய் மூடித்தான் இருந்தது. கத்தியது பிள்ளை.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்ல. முதல் பிள்ளையிடம் கேட்கக் காத்திருந்து கேட்காத சத்தம். கரகரவென்று, கோபத்தோடு, ஊரைக் கூட்டுகிற சத்தம். நான் துவாயைத் துப்பிவிட்டு அழுதேன். சந்தோஷம் என்று சொன்னால் அது சின்னச் சொல்லாக இருக்கும்.

"என்ன பிள்ளை?" என்று வெளியே நின்று மாமி கேட்டார்.

"பெட்டை," என்றார் மருத்துவிச்சி.

பத்து மாதமாக நான் பழகிய மௌனத்தை முற்றம் ஒரு நொடியில் பழகிக்கொண்டது. கூடிய சனம் வந்த பொட்டுக்குள்ளாலேயே திரும்பிப் போனது. செத்த வீடும் இல்லை, பெடியனும் இல்லை, நின்று என்ன செய்ய. விளக்குமாறு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. பெண் பிள்ளைக்கு உரிய அந்த எறியைக்கூட என் மகளுக்கு எறியவில்லை. இவர் அப்போதும் பின்வளவில்தான் நின்றார். வரச்சொல்லி ஒருவரும் சொல்லவில்லையாம்.

பின்னேரம் அம்மான் காரணம் கண்டுபிடித்தார். "வந்தது பெடியன்தான். உலக்கை உள்ளை விழுந்த பயத்திலை மாறிப் போச்சு." மாமி அதற்கு அடுத்த படிக்குப் போனார். "உவள் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் அண்ணை ஏன் எறியிறார்? வாய்க்குள்ளை கொழுக்கட்டையே கிடந்தது?"

முதல் பிள்ளை நான் கத்தியதால் போனது. இரண்டாவது பிள்ளை நான் கத்தாததால் பெட்டையாய்ப் போனது. மூன்றாவதுக்கு என்ன செய்யவேண்டும் என்று நான் மாமியிடம் கேட்கவும் இல்லை, மூன்றாவது பெறவும் இல்லை. சாக்கில் கிடந்தபடி மாமியின் இந்தப் புதுக் கதையைக் கேட்டபோதுதான், கொடி சுற்றியது என்று டொக்டர் அன்றைக்குச் சொன்னது எனக்கு முதன்முதலாக மனதில் ஏறியது. என் பிள்ளையை நான் கொல்லவில்லை. அந்தப் பத்து மாதமும் கொன்றவளாகவே சமைத்தேன், கூட்டினேன், படுத்தேன், எழும்பினேன். என் காதுபட அந்தக் கதையைச் சொன்ன மாமியை நான் மன்னிக்கவில்லை. மாமி இறந்தபோது ஊர் பார்க்க அழுதேன், மன்னிக்கவில்லை.

ஒரேயொரு ஆறுதல் கிடைத்தது. பிள்ளை பிறந்த இடத்துக்குத் துடக்கு. குசினியில் பிறந்ததால் குசினிக்கும் துடக்கு. முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை உள்ளே அடுப்பு மூட்டக்கூடாது. மாமி முற்றத்தில் மூன்று கல் வைத்து, மாசி வெயிலில் முக்காட்டோடு குந்தியிருந்து, புகை கண்ணில் அடிக்க அடிக்க எனக்குப் பத்தியக் கறி காய்ச்சினார். அந்தச் சரக்குக் கறி பச்சைக் கசப்பு. நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மகளுக்குப் பவானி என்று பேர் வைத்தோம். ஓடு மாற்றிய இடம் மற்ற ஓடுகளின் நிறத்தோடு சேரவே இல்லை. ஒழுங்கையால் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார்கள். நான் பவானிக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். விழுந்து முழங்கால் உரஞ்சி, உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் வந்து நின்றால், "கத்து பிள்ளை, நொந்தால் கத்து" என்பேன். நல்லாகப் படித்துக்கொண்டாள். அவள் தேளைக் கண்டு கத்தினால் தபால்காரர் சைக்கிளால் இறங்கிவிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்குப் பிள்ளைப்பேறு. ஆஸ்பத்திரியில் உள்ளே அவள், வெளியே வாங்கில் நானும் அவளுடைய மாமியாரும். பண்டத்தரிப்பு மனிசி, நல்ல அடக்கம், மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தார். இவர் நடைபாதையின் அந்த முனையில் போய் நின்றார். நிற்கச் சொல்லி இம்முறையும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். பவானி கத்தத் தொடங்கினாள். மற்றப் பெண்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன அக்கா, உங்கடை மகள் உப்பிடிக் கத்துறாள்? கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தால் என்ன?" என்றார் சம்பந்தி.

பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் என் காது முழுக்க அந்தக் கதவில்தான் இருந்தது. அவள் கத்தும்போதெல்லாம் ஆள் இருக்கிறாள் என்று தெரிந்தது. கத்தல் நின்ற ஒவ்வொரு இடைவெளியிலும் என் முதல் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தான். அப்படி ஓர் இடைவெளி நீண்டது. பிறகு உள்ளேயிருந்து அவள் குரல்.

"அம்மா, கேக்குதோ?"

நான் எழும்பினேன். கதவடிக்குப் போனேன். கோப்பாய்க் குசினியில் துவாய்க்குள் விழுங்கியது எல்லாம் அப்போதுதான் மேலே வந்தது. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிறமாதிரிக் கத்தினேன்.

"கேக்குது பிள்ளை. கத்து. இன்னும் கத்து."

நிறுத்தவும் எனக்கு முடியவில்லை. கத்து, கத்து என்று நானும் அவளும் மாறி மாறிக் கத்தினோம். கதவு திறந்தது. ஒரு நேர்ஸ் மிஸ்ஸி தலையை நீட்டினார்.

"அம்மா, இஞ்சை பெறுறது நீங்களோ, அவவோ?"

வாங்கில் இருந்த சனம் சிரித்தது. சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, பேச்சை மாற்றத்தான் என்று நினைக்கிறேன், அந்த முனையில் நின்ற இவரைப் பார்த்து, "என்னவாம் அண்ணை, பிள்ளை பிறந்திட்டுதாமோ?" என்று கேட்டார்.

"இன்னும் வரேல்லை," என்று சொன்ன இவர், சொன்ன வாயை மூடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வசனத்துக்கு நான் உண்மையாகச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடிய முதல் உள்ளே பிள்ளை அழுதது.

இப்போது குடும்பத்தில் அந்தக் கதைக்கு ஒரு வால் சேர்ந்திருக்கிறது. ஏதாவது பிந்தி, ஒருவர் "இன்னும் வரேல்லை, அம்மான்" என்று தொடங்கினால், பவானி உடனே முடிப்பாள்: "பொறுங்கோ, வரும். என்னைப் பெத்தவ கத்தின சத்தம் வந்து சேரவே இருபது வருஷத்துக்கு மேலை எடுத்தது." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் சத்தமாகவே.